முகமும் கழுத்தும் ஒரே நிறத்தில்: ஃபவுண்டேஷனுக்கு 14 குறிப்புகள்

நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், வாயைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கருமை. நம்மில் பலருக்கு முகம் இப்படித்தான் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவதுதான் ஃபவுண்டேஷனின் வேலை. நிறத்தைக் கூட்டுவது அல்ல. மாநிறமும் கறுப்பும் மறைக்க வேண்டிய நிறங்களே இல்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு ஷேடு குறைத்து வாங்கினால் முகம் சாம்பல் பூத்துப்போய், கழுத்து தனியாகத் தெரியும். நம் நிறம் நம் நிறமாகவே தெரிய, இதோ சில குறிப்புகள்.

1. கையின் பின்புறத்தில் தடவிப் பார்த்து ஷேடு வாங்காதீர்கள். கையும் முகமும் ஒரே நிறமாக இருப்பது அபூர்வம். அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைத் தாடை ஓரத்திலிருந்து கழுத்து வரை கோடுகளாக இழுங்கள். எந்தக் கோடு தோலோடு கலந்து மறைகிறதோ, அதுதான் உங்கள் ஷேடு. கடை விளக்கை நம்பாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் போட்ட சிறிது நேரத்தில் அடர்ந்துவிடும். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

2. அடர்த்தி சரியாக இருந்தாலும் சாயல் மாறினால் முகம் களையிழந்துவிடும். மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டையாக்சைடும் கலந்துதான் பெரும்பாலான ஃபவுண்டேஷன்களுக்கு நிறம் வருகிறது. வெள்ளை தூக்கலாக இருந்தால் நம் தோலில் சாம்பலாகத் தெரியும். நம்மில் பலருக்கும் பொன்மஞ்சள் சாயல் பொருந்தும். பாட்டிலில் ‘டபிள்யூ’ என்றிருந்தால் பெரும்பாலும் மஞ்சள் சாயல், ‘சி’ என்றால் இளஞ்சிவப்புச் சாயல், ‘என்’ என்றால் இரண்டுக்கும் நடுவில். மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள், அந்த நிறம் முகத்தில் இல்லாத நாளில் ஷேடு பாருங்கள்.

3. எண்ணெய் வடியும் சருமத்துக்கு எண்ணெய் இல்லாத மேட் வகை. வறண்ட சருமத்துக்கு ஈரப்பதம் தரும், லேசாகப் பளபளக்கும் வகை. பரு வரும் முகமென்றால் ‘நான்-காமெடோஜெனிக்’ என்று அச்சிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4. புதிதாக வாங்கியதை நேராக முகத்தில் போடாமல், காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ துளி தடவி 24 முதல் 48 மணி நேரம் கவனியுங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

5. த்ரெடிங், ஃபேஷியல், பிளீச் எதுவானாலும் விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். அன்றைக்கே செய்தால் சிவந்த தோலில் ஃபவுண்டேஷன் எரியும், திட்டுத்திட்டாக நிற்கும்.

6. சுவருக்குப் பட்டி பார்க்காமல் பெயிண்ட் அடிப்பதில்லை, முகத்துக்கும் அப்படியே. முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், பகல் என்றால் அதன்மேல் சன்ஸ்கிரீன் தடவி, ஐந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் கிடைக்கும் பாதுகாப்பைத்தான் அந்த எண் குறிக்கிறது. அவ்வளவு கனமாக யாரும் ஃபவுண்டேஷன் போடுவதில்லை.

7. பூசும்போது அழுக்கு உருள்வதுபோலத் திரிதிரியாக வருகிறதா? ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பிரைமரும் ஃபவுண்டேஷனும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். உட்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் டைமெத்திக்கோன் இருந்தால் அது பெரும்பாலும் சிலிக்கோன் வகை. அதோடு சிலிக்கோன் வகையையே சேருங்கள். தண்ணீர் வகைக்குத் தண்ணீர் வகை.

8. கருவளையத்தையும் வாயோரக் கருமையையும் ஃபவுண்டேஷனை அள்ளிப் பூசி மறைக்க முடியாது. அங்கே மட்டும் ஆரஞ்சு அல்லது பீச் நிற கரெக்டரை மிக மெல்லியதாக ஒற்றுங்கள். கருமையின் நீல, சாம்பல் சாயலை ஆரஞ்சு அடக்கிவிடும். அதன்மேல் லேசான ஃபவுண்டேஷனே போதும்.

9. பட்டாணி அளவு எடுத்தாலே ஆரம்பத்துக்குப் போதும். மூக்கு, கன்னத்தின் நடுப்பகுதி, நெற்றி நடு, தாடை ஆகிய இடங்களில் புள்ளி வைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் பரப்புங்கள். திருத்தம் வேண்டியதெல்லாம் பெரும்பாலும் முகத்தின் நடுவில்தான். ஓரங்களில் அடுக்கு மெலிந்துகொண்டே போகட்டும். தேவைப்படும் இடத்தில் மட்டும் இரண்டாவது முறை.

10. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் பாதி ஃபவுண்டேஷனைக் குடித்துவிடும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பதியுங்கள். விரலாலும் போடலாம், உடல் சூட்டில் அது நன்றாக இளகும். பிரஷ்ஷால் போட்டால் கடைசியில் ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை ஒற்றிவிடுங்கள், கோடுகள் மறையும். கன்னத்துப் பூனைமுடி நிமிர்ந்து தெரியாமலிருக்க, முடிக்கும்போது மேலிருந்து கீழாகத் தடவிவிடுங்கள்.

11. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் நெற்றி மேல் விளிம்பை டிஷ்யூவால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். தாடைக்கு அடியிலும் காது ஓரத்திலும் ஸ்பாஞ்சில் மிச்சமிருப்பதை ஒற்றுங்கள். ஸ்டிக்கர் பொட்டு விழாமல் நிற்க, பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் பஞ்சால் ஃபவுண்டேஷனைத் துடைத்துவிடுங்கள்.

12. இரண்டு நிமிடம் பொறுத்து, எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் லூஸ் பவுடரை அழுத்தி எடுங்கள். வெள்ளைப் பவுடர்கள் சில ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெளிறிக் காட்டும். கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

13. சித்திரை வெயிலிலும் மண்டபப் புழுக்கத்திலும் வியர்க்கத்தான் செய்யும். கைக்குட்டையால் துடைக்காமல், டிஷ்யூவை வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, பிறகு பவுடர் ஒற்றுங்கள். வியர்வை மேலேயே பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். படுக்கப்போகும் முன் கிளென்சிங் பாம் அல்லது மைசெல்லர் வாட்டரால் எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவுங்கள். ஸ்பாஞ்சையும் சோப்பால் அலசி, காற்றாடக் காய வையுங்கள். டப்பாவில் மூடி திறந்த படத்துக்குள் ‘12 எம்’ என்றிருந்தால், திறந்த 12 மாதத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும்.

14. கடைசியாக ஜன்னலோரம் நின்று கண்ணாடி பாருங்கள். கன்னத்து மச்சம் தெரிகிறதா? அளவு சரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மச்சமே காணாமல் போயிருந்தால் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி, ஓர் அடுக்கைக் குறைத்துவிடுங்கள்.