ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவர் தம் தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சீர்செய்து ஓட்டி வருகிறார். அதை ஸ்போர்ட்ஸ் கார் போல ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடையில் இருந்தவற்றிலேயே மிகவும் கடினமான ஷாக் அப்சார்பர்களாகப் பார்த்து வாங்கிப் பொருத்தினார். "கல்லு மாதிரி இருந்தாத்தான் தம்பி ரேஸ் கார்" என்று அங்கே சொன்னார்களாம்.

ஒரு வாரம் கழித்து என்னைத் தேடி வந்தார். முகத்தில் கலவரம். தார் ஒதுங்கி அலை அலையாக மேடுகட்டியிருந்த ஓரிடத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறார். நிற்க வேண்டிய இடத்தில் கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், முன்னால் இருந்த லாரிக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றிருக்கிறது. "டயர் புதுசு, பிரேக் புதுசு, ஷாக் அப்சார்பரும் புதுசு. பிறகு ஏன் சார் வழுக்கியது?" என்று கேட்டார்.

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவுகள்' என்னும் தலைப்பின் கீழ் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

நம் பக்கத்து ஊரில் பிறந்த கார்

கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயிலில் ஏறினால் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று நிலையங்கள் வரும். இந்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையிலிருந்து வெளிவந்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, எடை குறைந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 1962-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். நான்கு பேர் செல்லும் குடும்பக் காரும் ஸ்போர்ட்ஸ் காரும் உடன்பிறப்புகள் என்பது வியப்பாக இல்லையா?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டு கார்களும் ஓடியிருக்கின்றன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமைந்த பின் பந்தயங்கள் அங்கே மாறின. ஆனால் பந்தயத்தளத்துக்குப் பொருந்துவது ஜி.எஸ்.டி. சாலைக்கும் பொருந்துமா? அதைத்தான் நாம் கண்டறிய வேண்டும்.

அதிர்ச்சியை ஏற்பது எது?

'ஷாக் அப்சார்பர்' என்றால் அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்வது என்று பொருள். ஆனால் மேட்டில் சக்கரம் ஏறும்போது அந்த அதிர்ச்சியை முதலில் ஏற்பது சுருள்வில் (ஹெரால்டின் பின்புறத்தில் குறுக்கே அமைந்த பட்டைவில்). வில் அமுங்கி, ஆற்றலைச் சேமித்துக்கொள்கிறது. பிறகு அதைத் திருப்பித் தருகிறது. வில் மட்டும் இருந்தால் கார் தூளியைப் போல ஆடிக்கொண்டே போகும்.

இந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகையால் அதைத் 'தணிப்பான்' என்று சொல்வதே சரி. எண்ணெய் நிறைந்த உருளைக்குள் துளைகளும் வால்வுகளும் கொண்ட பிஸ்டன் ஒன்று அசைகிறது. எண்ணெய் அந்தச் சிறு துளைகளின் வழியே நெருக்கியடித்துச் செல்லும்போது தடை உண்டாகிறது. வில்லின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். வில்லின் விசை, அது எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதைப் பொறுத்தது. தணிப்பானின் விசையோ, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. அசைவு இல்லையேல் தணிப்பானின் தடையும் இல்லை. எனவே வளைவில் கார் முடிவில் எவ்வளவு சாயும் என்பதைத் தணிப்பான் மாற்றாது. எவ்வளவு விரைவாகச் சாயும் என்பதை மட்டுமே மாற்றும்.

ஓர் எளிய கணக்கு

சக்கரங்களின் எடையை நீக்கிய பின் ஒரு காரின் நிறை 1000 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோகிராம். அந்தச் சக்கரத்தின் சுருள்மாறிலி மீட்டருக்கு 16,000 நியூட்டன் என்க.

முதலில் அதிர்வெண். 16,000-ஐ 250-ஆல் வகுத்தால் 64, அதன் வர்க்கமூலம் 8, அதை 6.28-ஆல் வகுத்தால் 1.27. அதாவது கார் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முறை ஆடும்.

அடுத்தது தடை. பிஸ்டனை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அசைத்தால் எத்தனை நியூட்டன் எதிர்விசை கிடைக்கிறதோ, அதைத் 'தடை எண்' என்று அழைப்போம். கார் ஒரு முறைகூட மறுபக்கம் ஆடாமல், மிகக் குறைந்த நேரத்தில் பழைய நிலைக்கு வந்து நிற்கத் தேவையான தடைக்கு மாறுநிலைத் தடை என்று பெயர். நிறையையும் சுருள்மாறிலியையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் அது கிடைக்கும். 250 × 16,000 = 40,00,000. வர்க்கமூலம் 2,000. இரு மடங்கு 4,000.

அப்படியானால் 4,000 தடை எண் உள்ள தணிப்பானே சிறந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் சாதாரண சாலைக் கார்களில் மாறுநிலைத் தடையில் ஏறத்தாழ 0.2 முதல் 0.4 பங்குவரைதான் வைக்கிறார்கள். பந்தயக் கார்களில் இது 0.6, 0.7 என்று உயரும். நம் கணக்கில் 0.3 பங்கு என்றால் தடை எண் 1,200.

0.3 பங்கு இருந்தால் 10 செ.மீ. ஆட்டம் அடுத்த சுற்றில் 1.4 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். தணிப்பான் தேய்ந்து 0.1 பங்கே மிஞ்சினாலோ, 10 செ.மீ. ஆட்டம் 5.3, 2.8, 1.5 என்று மெல்ல மெல்லத்தான் அடங்கும். அதுவரை டயர் சாலையை ஒரு கணம் அழுத்தியும் ஒரு கணம் அழுத்தாமலும் செல்லும்.

கார் ஏன் வழுக்கியது?

இனி நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். உராய்வு விசை, டயர் சாலையை அழுத்தும் விசைக்கு ஏற்ப அமையும் என்பது நீங்கள் அறிந்ததே. சக்கரத்தைக் கீழ்நோக்கி அழுத்துவது வில். 250 கிலோகிராமைத் தாங்கும் வில்லின் விசை 250 × 9.8 = 2,450 நியூட்டன்.

அலை மேடுகளுக்கு இடையே 1.2 மீட்டர் இடைவெளி இருப்பதாகவும், கார் மணிக்கு 54 கி.மீ. (விநாடிக்கு 15 மீட்டர்) வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் செல்ல 0.08 விநாடி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க அதில் பாதி, 0.04 விநாடி. பள்ளத்தின் ஆழம் 2 செ.மீ. என்றால் சக்கரம் விநாடிக்கு சராசரியாக அரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்கியாக வேண்டும்.

தடை எண் 1,200 ஆக இருந்தால், இறங்கும் சக்கரத்தைத் தணிப்பான் 600 நியூட்டன் விசையுடன் தடுக்கும். வில்லின் 2,450-ல் 1,850 நியூட்டன் மிஞ்சும். டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும். தடை எண் 4,000 ஆக இருந்தால், தணிப்பான் 2,000 நியூட்டனை விழுங்கிவிடும். மிஞ்சுவது 450 மட்டுமே! சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. பிரேக் போட்டால் டயருக்குப் பிடிமானம் இல்லை. கார் வழுக்குகிறது.

இது தோராயக் கணக்கு. சக்கரத்தின் சொந்த எடை, அதன் முடுக்கம், வில் விரியும்போது குறையும் விசை, வால்வுகள் திறப்பது ஆகியவற்றை நாம் சேர்க்கவில்லை. ஆனால் தவறு எங்கே நேர்ந்தது என்பது தெளிவாகிறது. புதிய டயரும் புதிய பிரேக்கும் சரியாகவே இருந்தன. தம் வேலையைச் செய்ய அவற்றுக்குச் சாலை கிடைக்கவில்லை.

வில்லை மாற்றினால்?

பந்தயக் கார்களில் கடினமான தணிப்பான் இருப்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே வில்லும் கடினமானது, தளமும் சமமானது. சுருள்மாறிலியை 16,000-லிருந்து 64,000-ஆக, அதாவது நான்கு மடங்காக, உயர்த்தினால் மாறுநிலைத் தடை 4,000-லிருந்து 8,000 ஆகிறது. இரண்டு மடங்குதான். வில் நான்கு மடங்கு கடினமானால் தணிப்பானும் நான்கு மடங்கு ஆக வேண்டியதில்லை. இதுவே வர்க்கமூலத்தின் மகிமை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். வில்லை மட்டும் இரு மடங்கு கடினமாக்கி, பழைய 1,200 தணிப்பானையே விட்டுவைத்தால் 0.3 பங்கு 0.21 ஆகக் குறையும். கார் துள்ளத் தொடங்கும். ஆகவே வில்லும் தணிப்பானும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் வில்லை அளந்து பாருங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, பின் அச்சுக்கு நேர் மேலே 25 கிலோ அரிசி மூட்டைகள் நான்கை ஏற்றுங்கள். காரை ஒருமுறை அசைத்துவிட்டு, எத்தனை செ.மீ. இறங்கியது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு 50 கிலோ, அதாவது 490 நியூட்டன். 3 செ.மீ. இறங்கினால் சுருள்மாறிலி ஏறத்தாழ 16,300.

இரண்டாவதாக, தணிப்பான் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹெரால்டின் முன்புறத்தில் அது கீழ்க்கையில், சக்கரத்துக்கு உட்புறமாக இருக்கிறது. கையின் பாதித் தூரத்தில் இருந்தால் பிஸ்டனின் வேகமும் பாதி. நெம்புகோல் விதிப்படி சக்கரத்தில் அதன் விசையும் பாதி. இரண்டும் சேர்ந்து கால் பங்குதான் பயன் தரும். சக்கரத்தில் 1,200 வேண்டுமானால் தணிப்பானில் 4,800 வேண்டும். ஒரு காருக்குச் சிறந்த தணிப்பான் இன்னொரு காருக்கு உதவாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக, விசைக்கும் வேகத்துக்கும் உள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். சாலைக் கார்களில் தணிப்பான் விரியும்போது உள்ள தடை, அமுங்கும்போது உள்ளதைவிட அதிகமாக இருப்பது வழக்கம். 'குறைந்த வேகம்', 'அதிக வேகம்' என்று அதில் குறிப்பது பிஸ்டனின் வேகத்தை. காரின் வேகத்தை அன்று. வளைவில் உடல் சாய்வது பிஸ்டனுக்குக் குறைந்த வேகம். நடைவேகத்தில் போகும் கார் கூரிய பள்ளத்தில் விழுந்தால் அதுவே பிஸ்டனுக்கு அதிக வேகம்.

நான்காவதாக, நீளம். காரின் உயரத்தைக் குறைக்க வில்லைக் குட்டையாக்கினால், பழைய தணிப்பானின் பிஸ்டன் சீக்கிரமே அடியில் போய் முட்டும். அப்படி முட்டிய பின் அது தணிப்பான் அன்று. வெறும் இரும்புக் கம்பிதான்.

ஐந்தாவதாக, வெப்பம். மோசமான சாலையில் இடைவிடாது ஓடினால் எண்ணெய் சூடேறி, பாகுநிலை குறைந்து, நுரைக்கவும் செய்யும். இதைத் தடுக்கத்தான் அழுத்தமேற்றிய நைட்ரஜன் வாயுவைச் சேர்க்கிறார்கள். 'கேஸ் ஷாக்' என்று சொன்னாலும் அலைவைத் தணிப்பது எண்ணெய்தான். வாயு நுரையைத் தடுக்கும் காவலாளி.

எதை வாங்கினாலும் ஓர் அச்சின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

செய்து பாருங்கள்

சில ரப்பர் வளையங்களைச் சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு கல்லையும் அதன் அடியில் ஒரு தட்டையான டப்பா மூடியையும் தொங்கவிடுங்கள். இழுத்துவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு கல்லும் மூடியும் நீருக்குள்ளேயும், அடுத்து விளக்கெண்ணெய்க்குள்ளேயும் இருக்கும்படி செய்து எண்ணுங்கள். கல்லைக் கூட்டியும் வளையங்களைக் கூட்டியும் மறுபடி பாருங்கள். எண்ணெய் அதேதான், ஆட்டம் மட்டும் மாறுவதைக் காண்பீர்கள்.

இளைஞரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டைகளை வைத்து அளந்தோம். அவருடைய பழைய வில்லுக்கு அந்தத் தணிப்பான் மிக அதிகம் என்று தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு, திருகி அளவை மாற்றக்கூடிய மிதமான ஒன்றைப் பொருத்தினார். இப்போது அதே அலை மேட்டில் கார் ஒழுங்காக நிற்கிறது. "முன்னைவிட மெத்தென்று இருக்கிறது சார், ஆனால் வளைவிலும் முன்னைவிட நன்றாகத் திரும்புகிறது" என்றார். அதில் வியப்பில்லை. சாலையை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் டயர்தானே காரைத் திருப்புவதும் நிறுத்துவதும்!

பயிற்சி

1. நிறை 250 கிலோகிராம், சுருள்மாறிலி மீட்டருக்கு 36,000 நியூட்டன். 0.3 பங்கு தடைக்குத் தேவையான தடை எண் என்ன?

2. தணிப்பான் கையின் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் உள்ளது. சக்கரத்தில் 1,200 தடை எண் வேண்டுமானால் தணிப்பானின் தடை எண் எவ்வளவு?

(விடைகள்: 1,800, 2,700)