காத்திருப்போர் கூடமும் கலைப்பயிற்சியும்

திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்பினதாக வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என்பன அந்நான்கு. இவற்றுள் முதல் மூன்றனையும் பற்றி உலகம் விரிவாக ஆராய்ந்துளது. நான்காமவனைப் பற்றிய ஆராய்ச்சியோ சிறிது. மருத்துவரைக் காணும் பொழுது சில நிமிடங்களே. காணுமுன் காத்திருக்கும் பொழுதோ பல மணி. அப்பொழுதில் நோயாளர்க்குத் துணையாவது யாது? புற்றுநோயுற்றோர் காத்திருக்கும் கூடங்களில் ஓவியம், கோலம், காகித வேலை முதலிய கலைப்பயிற்சிகள் நடத்துதல் தகுமோ? தகுமெனின் எவ்வாறு நடத்துதல் வேண்டும்? இவ்வினாக்களை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இப்பொருளை யாம் நூலகத்திற் கண்டெடுத்தோமல்லேம். சென்ற ஆண்டு எம் அத்தையாருக்கு மார்பிற் புற்றுநோய் என்று தெரிந்தது. கடலூரிலிருந்து வைகறைப் பேருந்தில் அவரை அழைத்துச் சென்று, ஒரு பெரிய மருத்துவமனையின் கூடத்திற் பன்முறை காத்திருந்தோம். ஐந்தாம் முறை சென்ற அன்று, அத்தையார் மருந்துக் கடைச் சீட்டொன்றின் பின்புறத்தில் எம் பேனாவால் புள்ளிகள் வைத்துக் கோலம் இழுக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த அம்மையார் சிறிது நேரம் அதனை உற்று நோக்கி, "அக்கா, அந்த ஓரத்தில் ஒரு புள்ளி விட்டுப் போயிற்றே" என்றார். அதுகாறும் அவ்விருவரும் நான்கு மணி நேரம் தோளோடு தோள் அமர்ந்திருந்தும் ஒரு சொல்லேனும் பேசினாரல்லர். அதன்பின் சீட்டு இருவர் மடிக்கும் மாறி மாறிச் சென்றது. அழைப்பு வந்தபொழுது, "அதற்குள்ளாகவா?" என்று அத்தையார் வியந்தார். அச்சொல்லே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது.

நிற்க. இக்காத்திருப்பு எதனால் நீள்கின்றது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். கீமோதெரபி என்னும் மருந்தேற்றும் சிகிச்சைக்கு வருவோர் முதலில் இரத்தம் கொடுப்பர். வெள்ளணுக்கள் போதிய அளவில் உள்ளனவா என்று சோதித்தறிந்த பின்னரே மருத்துவர் ஒப்புவர். ஒப்பிய பின்னரே ஒவ்வொருவருக்கும் உரிய அளவில் மருந்து கலக்கப்படும். அணுக்கள் குறைந்திருப்பின் அன்று வெறுங்கையுடன் திரும்புதலும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருவோருட் பலர் வாரத்தில் ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் வருதல் வேண்டும். பொறி ஒன்று, அதற்கு முன் நிற்போர் பலர். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் சிதம்பரத்திற்கும் ஒரு நாளிற் சென்று மீளலாம். சென்னைக்கோ ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஆகலின் காத்திருத்தல் யார் குற்றமும் அன்று. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அஃது அமைந்துவிட்டது. சிகிச்சையின் பகுதியாயின் அதனையும் செம்மை செய்தல் கடனன்றோ?

காத்திருத்தலைத் தமிழர் அறியாதவரல்லர். முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இரண்டிடத்தும் வாராதவரை நோக்கி ஒருத்தி தனித்திருக்கின்றாள். முல்லையில் அவள் ஆற்றியிருப்பாள். நெய்தலில் ஆற்றாது இரங்குவாள். ஆற்றியிருப்போளுக்கு நம் புலவர்கள் ஒரு செய்கையையும் படைத்துக் கொடுத்தனர். தலைவன் பிரிந்த நாட்களைச் சுவரிற் கோடிட்டு எண்ணுதல் திருக்குறட் காமத்துப்பாலிற் காணப்படுகின்றது. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து, முனைகள் இரண்டும் கூடின் தலைவன் வருவான் என்று குறிபார்க்கும் 'கூடல் இழைத்தல்' என்பதும் உண்டு. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் நான்காம் திருமொழி முழுவதும் இதனையே பொருளாக உடையது. காத்திருப்போர் கை ஏதேனும் ஒன்றை வரையத் துடிக்கும் என்பதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். எம் அத்தையார் செய்ததும் அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உளது. கூடல் இழைப்பவள் பயனைக் குறியாற் காண விழைகின்றாள்; கோலம் இழுப்பவர் குறி ஒன்றும் தேடுவதில்லை. கலைப்பயிற்சி நடத்துவோர் இவ்வேறுபாட்டை என்றும் மறத்தலாகாது.

இனி, மேல்நாட்டு வரலாற்றைச் சிறிது காண்போம். 1938-ஆம் ஆண்டில் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர் காசநோயுற்று, சசெக்ஸ் நாட்டுப்புறத்து மிட்ஹர்ஸ்ட் நலவில்லத்திற் கிடந்தார். படுக்கையிலிருந்தே அருகிருந்த பொருள்களை வரைந்து மனம் தேறினார். பின்னர் உடனிருந்த நோயாளர்க்கும் அதனைக் கற்பித்தார். 'கலை மருத்துவம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை 1942-ஆம் ஆண்டில் வழங்கியவர் அவரே. அவ்வாண்டுகளிலேயே பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் வயிற்றிற் புற்றுநோய்க்காக 1941-இல் லியோன் நகரில் அறுவை செய்துகொண்டார். பின்னர்ப் பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமே அவர் வாழ்ந்தார். தூரிகை பிடித்து நெடிது நிற்கவியலாத அவர் கத்தரிக்கோலை எடுத்து, வண்ணம் பூசிய காகிதங்களை வெட்டி ஒட்டிப் புதியதொரு கலையையே தோற்றுவித்தார். 1954-இல் இறக்குங்காறும் அப்பணியை விட்டாரல்லர்.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றியே சிந்தித்தவர் மாகி கெஸ்விக் ஜென்க்ஸ் அம்மையார். 1993-ஆம் ஆண்டில், தம் மார்பகப் புற்றுநோய் மீண்டும் பரவிற்று என்னும் செய்தியை ஸ்காத்லாந்தில் கேட்ட அவர், சாளரமற்ற ஒரு நடைவழியில் அமர்ந்து அச்செய்தியைத் தாங்க வேண்டியதாயிற்று. நோயுற்றோர்க்கு ஒளியும் உரையாடலும் உள்ள ஓரிடம் வேண்டும் என்று அவர் திட்டம் வகுத்தார். 1995-இல் அவர் மறைந்தார். 1996-இல் எடின்பரோவில் அவர் பெயரால் முதல் இல்லம் திறக்கப்பட்டது. நம் நாட்டிலும் இதுபோன்ற வரலாறு உண்டு. உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954-ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் எழுந்தது. 1955 முதல் 2021-இல் மறையுங்காறும் டாக்டர் வி. சாந்தா அம்மையார் அதனை வளர்த்தார். குடும்பத் துயர் ஒன்று பொதுத் தொண்டாக மலர்தல் கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வளவால், கலை நோயைத் தீர்க்கும் என்று கூறுவோமோ? கூறோம். சிகாகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் 50 புற்றுநோயாளரிடம் ஓர் ஆராய்ச்சி நடைபெற்று 2006-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரக் கலைப்பயிற்சிக்குப் பின் வலி, களைப்பு, கவலை முதலாக ஆராய்ந்த ஒன்பது குறிகளுள் எட்டுக் குறைந்தன என்று அது கூறுகின்றது. குமட்டல் ஒன்றே குறைந்திலது. உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையும், நோயைத் தாங்குதற்குக் கலைகள் துணைபுரிகின்றன என்றே முடிவு செய்கின்றது. எனினும் சிகாகோ ஆராய்ச்சியிற் பங்குற்றோர் சிலரே. ஒரு மணி நேரத்து மாறுதல் எத்துணை நாள் நிற்கும் என்பதனை அஃது அளந்திலது. ஆகலின் கலைப்பயிற்சி மருந்தின் இடத்தைக் கொள்ளுவதன்று. வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பின் இடத்தையே கொள்ளுவது. பயிற்சி பெற்ற வல்லுநர் செய்யும் கலை மருத்துவம் வேறு. நம்மனோர் செய்யக்கூடிய கலைப்பயிற்சி வேறு. இதனை மறந்தமையால் யாம் ஒருநாள் பெரிதும் நாணினோம்.

அதனையும் மறையாது உரைப்பாம். அத்தையாரின் சிகிச்சை நடந்த நாட்களில், யாமும் தோழர் மூவரும் இசைவு பெற்று, காகிதமும் வண்ணக் கோல்களும் கொண்டு கூடத்திற் சென்றமர்ந்தோம். நாவில் அறுவை செய்யப்பட்டுப் பேசவியலாத மீனவப் பெரியவர் ஒருவர், ஒரு படகை வரைந்து அதனை முழுதும் கறுப்பாகத் தீட்டினார். எம்முள் ஒருவர் மற்றொருவர் செவியில், "பாவம், இவர் மனத்து இருளே இவ்வாறு வெளிப்படுகின்றது" என்று கூறினார். நாவற்றவர் செவியுமற்றவர் என்று கருதினோம் போலும்! பெரியவர் தாளை இழுத்து, படகின் கீழே, "தம்பி, தார் பூசினால் படகு கறுப்புத்தான்" என்று எழுதிக் காட்டினார். அவர் மனைவியார் சிரித்தார்; கூடமே சிரித்தது; பெரியவரும் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அவர் வலை, நங்கூரம், பாய், தேவனாம்பட்டினத்துக் கரை என்று ஒவ்வொன்றாக வரைந்து எமக்குப் பாடம் நடத்தினார். அன்று மாணவர் யாமே. பேச்சிழந்த ஒருவர்க்குக் கோல் நாவாதலையும், அந்நா கூறாததைக் கூறியதாக நாம் பொருள் கொள்ளுதல் பிழையாதலையும் ஒருங்கே கற்றோம்.

இப்படிப்பினையோடு மருத்துவர்களும் செவிலியரும் எமக்கு உரைத்தவற்றையும் சேர்த்துச் சில நெறிகளைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, வரைந்தவர் உரைத்தாலன்றிப் படத்திற்குப் பொருள் கூறற்க. "அழகு" என்றும் "பிழை" என்றும் மதிப்பிடற்க. இரண்டாவது, மருந்தேற்றும் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்தோர்க்குத் தொற்று எளிதிற் பற்றும். ஆகலின் ஈரக் களிமண்ணும், பலர் கைபட்ட பொருள்களும் விலக்கத்தக்கன; ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கோல் கொடுத்தல் நன்று; கை கழுவியே தொடங்குக; இருமலுற்ற தொண்டர் அன்று வீட்டிலேயே இருத்தல் வேண்டும். மூன்றாவது, சில மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போம். அவர்க்கு மெல்லிய பென்சில் பயன்படாது. தடித்த மெழுகுக் கோலே பயன்படும். ஊசியும் கூரிய கத்தரியும் தவிர்க்க. மருந்தேறும் குழாய் பொருத்திய கையை அசைக்கச் செய்யற்க. நான்காவது, மணம் மிக்க பசையும் வண்ணமும் குமட்டலை எழுப்பும், அவற்றைக் கொண்டுசெல்லற்க. ஐந்தாவது, தம் எண் அழைக்கப்பட்டுத் தவறிவிடுமோ என்னும் அச்சமே காத்திருப்போரின் பேரச்சம். தொண்டருள் ஒருவர் எண்களைச் செவியுற்று அறிவித்தற்கென்றே இருத்தல் வேண்டும். எவ்வேலையும் இடையில் விட்டு மீண்டும் தொடரக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

ஆறாவது மிக நுண்ணியது. நம் இல்லங்களில் நோயின் பெயரை நோயாளரிடமே மறைத்தல் வழக்கம். தொண்டர் வாயினின்று அப்பெயர் தவறியும் வெளிப்படலாகாது, "உங்களுக்கு என்ன நோய்?" என்னும் வினாவும் ஆகாது. நிழற்படம் எடுத்தலும் ஆகாது. ஏழாவது, வேண்டா என்பவரை வற்புறுத்தற்க. வாளா இருத்தலும் ஒருவர்க்கு ஓய்வே. கிறிஸ்தவ மாணவராகிய யாம் இன்னொன்றும் கூறல் வேண்டும். அக்கூடத்தில் நாம் வண்ணக் கோல் கொடுப்பது, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு வேறொன்றை நீட்டுதற்கன்று. யோவான் எழுதின சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்திற் பெதஸ்தா குளத்தின் ஐந்து மண்டபங்களிலும் நோயாளர் பலர் காத்துக் கிடந்தனர் என்று காண்கின்றோம். அவருள் 38 ஆண்டு நோயுற்றிருந்த ஒருவனது குறை, தன்னைக் குளத்திற் கொண்டுவிட ஒருவருமில்லை என்பதே. உழைச்செல்வான் இல்லாக் குறையே அவனது குறை.

இனி, நம் பகுதிக்கு இது பொருந்துமோ எனின், நன்கு பொருந்தும். சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் இசையும் கற்பிக்கப்படுகின்றது. அங்கு 1985-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி பின்னர் மாநில அரசின் பொறுப்பில் வந்து கடலூர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. இசை கற்போரும் மருத்துவம் கற்போரும் ஓரூரிலேயே வாழ்கின்றனர். தில்லைக் கோபுரங்களிற் செதுக்கிய 108 கரணங்கள் வரைந்து பழகுதற்கு வற்றாத சுரங்கம். பண்ருட்டிப் பக்கத்தார் பொம்மை செய்தலில் வல்லவர். உலர்ந்த காகிதக்கூழ்ப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுதல் எளியதும் இனியதுமாகும். கோலமோ எல்லா மகளிர் விரலிலும் உளது, அவர்க்கு அதனை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை, கற்றுக்கொள்ளவே செல்லலாம்.

தோழர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மருத்துவமனைத் தலைவரது இசைவும், தாளும் தடித்த கோல்களும், வாரத்தில் ஒரு முற்பகலும் போதும். ஒரு வாரம் சென்று மறுவாரம் செல்லாதொழிதல் மட்டும் ஆகாது. காத்திருப்போரை நாமும் காக்க வைத்தல் கொடிது. எம் அத்தையார் சிகிச்சை முடிந்து, மூன்று திங்களுக்கொரு முறை சோதனைக்குச் சென்று வருகின்றார். முடிவு யாதாகுமோ அறியோம், அவரும் அறியார். சென்ற முறை புறப்படுங்கால் பையில் எதையோ தேடினார். கண்ணாடியோ என்று வினவினோம். "கண்ணாடி இருக்கிறது, வெள்ளைத் தாள் நாலு எடுத்து வை, தம்பி. பக்கத்தில் யார் இருப்பார்களோ!" என்றார். அவர் இப்பொழுது நோயாளர் மட்டுமல்லர், உழைச்செல்வாரும் ஆயினார்.