கையில் காசு இருந்தும் தோத்தேன்: 'கியூபா லிப்ரே' முதல் ஆட்டம் கத்துக்கொடுத்த பாடம்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. ஒரு போர்டு கேம் பத்திப் பேசப் போறோம். பணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

ஆடு புலி ஆட்டம் தெரியும்ல? 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டை வெட்டணும், ஆடு புலியை நகர விடாம மடக்கணும். ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல ஆடினாலும் ஜெயிக்கிற வழி வேற வேற. இதைத்தான் சமச்சீரற்ற ஆட்டம்னு சொல்றாங்க. செஸ் அப்படி இல்லை, அதுல ரெண்டு பக்கமும் ஒரே படைதான்.

இதே யோசனையைப் பல மடங்கு பெருக்கினா வர்றது 'கியூபா லிப்ரே'. ஜெஃப் கிராஸ்மன், வோல்கோ ருன்கே ரெண்டு பேரும் வடிவமைச்சு 2013-ல வந்த போர் விளையாட்டு. களம், 1950-களின் கியூபா. 1952-ல ராணுவப் புரட்சி மூலமா ஆட்சியைப் பிடிச்ச பாட்டிஸ்டா, 1959 ஜனவரி 1-ம் தேதி நாட்டை விட்டு ஓடுறார். அந்தக் கடைசி வருஷங்கள்தான் கதை.

யார் யார் ஆடுறாங்க?

நாலு தரப்பு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வெற்றி நிபந்தனை:

- அரசு: மக்கள் ஆதரவு 18-ஐத் தாண்டணும்.
- ஜூலை 26 இயக்கம் (காஸ்ட்ரோ தரப்பு): அரசுக்கு எதிர்ப்பும் தங்கள் முகாம்களும் சேர்ந்து 15-ஐத் தாண்டணும்.
- டிரெக்டோரியோ (மாணவர் புரட்சி அமைப்பு): தங்கள் பிடியில் இருக்கிற மக்கள்தொகையும் முகாம்களும் சேர்ந்து 9-ஐத் தாண்டணும்.
- சிண்டிகேட் (சூதாட்ட மாஃபியா): திறந்திருக்கும் கேசினோ 7-ஐத் தாண்டணும், கையில் ரிசோர்ஸ் 30-ஐயும் தாண்டணும்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிங்க. கையில் இருக்கிற காசை எண்ணி ஜெயிக்கிறது ஒரே ஒருத்தர்தான், சிண்டிகேட். மத்த மூணு பேருக்கும் காசு வெறும் கருவி.

நான் தோத்த கதை

முதல் தடவை நான் அரசுத் தரப்பு. ஆடிட்டர் மூளை இருக்கே, அது சும்மா இருக்குமா? "செலவைக் குறை, கையிருப்பைக் கூட்டு"னு ஆரம்பிச்சேன். இந்த ஆட்டத்துல ஒரு முறை பாஸ் சொன்னா அரசுக்கு 3 ரிசோர்ஸ் கிடைக்கும், கிளர்ச்சித் தரப்புகளுக்கு 1 தான். அட, சும்மா இருந்தா காசு வருதேன்னு சந்தோஷமா பாஸ் சொன்னேன்.

சிண்டிகேட் ஆடின நண்பர் என் நகரங்கள்லயே கேசினோ திறந்தார். நான் தடுக்கலை. ஏன்னா, நம்ம கட்டுப்பாட்டில் இருக்கிற இடத்துல கேசினோ திறந்திருந்தா, கணக்குப் பார்க்கும் சுற்றுல அதிலிருந்து நமக்கு 2 ரிசோர்ஸ் பங்கு வரும். "நல்ல மனுஷன், எனக்கும் கொடுக்கிறார்"னு நினைச்சேன். படையை அனுப்பி மூடியிருக்கலாம். மூடலை.

மூணாவது கணக்குச் சுற்றுல அவர்கிட்ட 8 கேசினோ, 33 ரிசோர்ஸ். ஆட்டம் முடிஞ்சது. என் கையில் 27 ரிசோர்ஸ் இருந்தது, ஆதரவு வெறும் 12. அந்தக் காசை ஹவானாவுல செலவு பண்ணியிருந்தா நிலைமையே வேற. வரைபடத்துல ஹவானாவோட மக்கள்தொகை எண் 6. அங்க ஆதரவு ஒரு படி ஏறினாலே கணக்கு 6 ஏறும். நான் நல்லாச் சேமிச்சேன். ஆனா எண்ண வேண்டியதை எண்ணலை.

புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு 4 படிகள்

1. ரூல் புக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீங்க. முதல்ல நாலு வெற்றி நிபந்தனையையும் படிங்க. உங்களோடது மட்டும் போதாது. எதிர்ல இருக்கிறவருக்கு எது தேவைன்னு தெரியாம அவர் செய்யுறது உதவியா, ஆபத்தான்னு சொல்ல முடியாது.

2. அப்புறம் உங்க தரப்போட குறிப்புத் தாள் மட்டும். அரசுக்கு நாலே வேலை: ஆள் சேர்த்துப் பயிற்சி, காவல், தேடுதல், தாக்குதல். ஒளிஞ்சிருக்கிற கொரில்லாவை நேரா அடிக்க முடியாது. முதல்ல தேடி வெளியே கொண்டு வரணும், அப்புறம்தான் தாக்கணும். இந்த ரெண்டு படி புரிஞ்சா அரசுத் தரப்பு பாதி புரிஞ்ச மாதிரி.

3. யாருடைய முறைங்கிறதை மட்டும் தனியாப் பழகுங்க. ஒரு நிகழ்வு அட்டைக்கு அதிகபட்சம் ரெண்டு தரப்புதான் செயல்பட முடியும். இந்த அட்டையில செயல்பட்டா அடுத்த அட்டையில உட்கார வேண்டியதுதான். ஆனா அடுத்த அட்டை என்னன்னு முன்னாடியே கண்ணுக்குத் தெரியும். இப்போ ஆடலாமா, அடுத்ததுக்குக் காத்திருக்கலாமாங்கிறதுதான் ஆட்டத்தோட உயிர். ஆறு அட்டையை ஒத்திகையாப் போட்டுப் பாருங்க, பிடிபட்டுடும்.

4. முதல் நாள் முழு ஆட்டம் வேண்டாம். 48 நிகழ்வு அட்டைகளுக்கு நடுவுல 4 கணக்குச் சுற்று அட்டைகள் கலந்திருக்கும். முதல் கணக்குச் சுற்று வந்ததும் நிறுத்துங்க. யார் எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு எழுதிட்டு, எல்லாத்தையும் கலைச்சு மறுபடி ஆரம்பிங்க. தப்பு சின்னதா இருக்கும்போதே கண்ணுல படும்.

இப்போ உங்க சம்பளத்துக்கு வருவோம்

உங்க பணத்தைச் சுத்தியும் இதே மாதிரி பல தரப்பு உட்கார்ந்திருக்கு. எல்லாரும் கெட்டவங்க இல்லை. ஆனா அவங்க ஜெயிக்கிற வழி வேற.

கிரெடிட் கார்டை எடுத்துக்கோங்க. 50,000 ரூபாய் பாக்கி, மாச வட்டி 3.5%, மினிமம் டியூ 5%னு வெச்சுப்போம். வட்டி 1,750, அதுக்கு ஜிஎஸ்டி 18% சேர்த்து 315, மொத்தம் 2,065. நீங்க கட்டுறது 2,500. அசல்ல குறையுறது வெறும் 435 ரூபாய். நடுவுல ரிவார்டு பாயின்ட் வந்துட்டே இருக்கும். அதுதான் நான் சந்தோஷமா வாங்கிக்கிட்ட அந்த 2 ரிசோர்ஸ். பங்கு வருதுன்னு பார்க்கிறோம், யாரோட கேசினோ வளருதுன்னு பார்க்கிறதில்லை.

இன்னொண்ணு, என் சொந்தக் கதை. முப்பது வயசுக்கு முன்னாடி நான் எண்ணினது பேங்க் பேலன்ஸ் மட்டும்தான். மாசா மாசம் ஏறும், பார்க்கவே சுகமா இருக்கும். வேலை மாறும்போது ரெண்டு மாச இடைவெளி. பழைய கம்பெனியோட குரூப் இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு, தனி பாலிசி எடுக்கலை. அந்த இடைவெளியிலதான் அப்பாவுக்கு ஆபரேஷன். 2,60,000 ரூபாய் கையிலிருந்து போச்சு. அப்பா நல்லாயிட்டார், அதுவே பெருசு. ஆனா நான் உண்மையிலேயே ஜெயிக்க நினைச்சது "வீட்டுல யாருக்கு என்ன ஆனாலும் தடுமாறக் கூடாது"ங்கிறதுல. எண்ணிட்டு இருந்ததோ பேலன்ஸை.

சேமிக்காதீங்கன்னு சொல்லலை. ரிசோர்ஸ் இல்லாத அரசு ஒரு அடி கூட நகர முடியாது. ஆனா எதுக்காகன்னு தெரியாத சேமிப்பு, கடைசியில என் கையில் மிஞ்சின அந்த 27 மாதிரிதான்.

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு தாள் எடுத்து நாலு வரி எழுதுங்க. முதல் வரி, உங்க வெற்றி நிபந்தனை. "நிறைய பணம்"னு எழுதாதீங்க. "6 மாசச் செலவு தனியா, அப்பா அம்மாவுக்குத் தனி மெடிக்கல் பாலிசி, 35 வயசுக்குள்ள கல்விக் கடன் பூஜ்யம்" மாதிரி எண்ணிப் பார்க்கிற விஷயமா இருக்கணும். அடுத்த மூணு வரி, உங்க பணத்தைச் சுத்தி இருக்கிற மூணு பேர். கார்டு கம்பெனி, பாலிசி விக்கிறவர், உங்க கம்பெனி, யாரா வேணா இருக்கலாம். அவங்க ஒவ்வொருத்தரும் எப்போ ஜெயிப்பாங்கன்னு எழுதுங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தத் தாளை எடுத்துக் கணக்குச் சுற்று நடத்துங்க. அரை மணி நேரம் போதும்.

அட்டைகளை மேசையில் விரிச்சு ஒரு சுற்று முழுக்க ஆடிக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல வருது. அதுக்கு முன்னாடி உங்க முதல் வரியைக் கமெண்ட்ல போடுங்க. நான் படிச்சுப் பதில் சொல்றேன்.