பெட்டகச் சாவியும் பிரசவ விடுப்பும்: வங்கிப் பணியில் பெண்கள்

நம் ஆண்டு மலர்களில் பெண்ணுரிமை குறித்த கட்டுரை என்றால் பெரும்பாலும் பாரதியாரின் வரிகளோடுதான் தொடங்கும். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்காக நானும் அவ்வரிகளை மனனம் செய்தவள்தான். இம்முறை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் ஒரு சாவியோடு தொடங்குகிறேன்.

வங்கிக் கிளையில் உள்ள பணப் பெட்டகத்தை ஒருவர் தனியாகத் திறக்க இயலாது. ஒருவரிடம் சாவி இருக்கும். மற்றொருவருக்கு இரகசிய எண் தெரிந்திருக்கும். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். பாதுகாப்புக்காக வகுக்கப்பட்ட நல்ல விதி இது. ஆனால், சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் எல்லாருக்கும் முன்பாக வந்து எல்லாருக்கும் பின்பாகத்தான் வீடு திரும்ப முடியும். வாடிக்கையாளர் பார்வைக்கு வங்கி மாலை 4.30 மணிக்கு அடைக்கப்படுகிறது. உள்ளே காசாளர்களின் கணக்கு ஒரு சென் பிசகினாலும் மீண்டும் எண்ண வேண்டும். அதுவரை பெட்டகத்தைப் பூட்ட இயலாது.

2024 செப்டம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை ஜொகூர் பாருவில் ஒரு வங்கிக் கிளையில் தொழிற்பயிற்சி மேற்கொண்டேன். வங்கியின் பெயரும் அங்குள்ளோரின் பெயர்களும் இங்கு வேண்டாம். அக்கிளையில் சாவி வைத்திருந்தவர் ஒரு தமிழ்ப்பெண் அதிகாரி. அவரை அக்கா என்றே அழைத்தேன். 11 ஆண்டுகள் பணியாற்றியவர். இரு பிள்ளைகளுக்குத் தாய். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை 5 மணிக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்தாக வேண்டும். ஆக, காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதும் மாலையில் பராமரிப்பாளர் வீட்டிலிருந்து அழைத்து வருவதும் அக்காவின் பொறுப்பு.

ஜொகூருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வங்கிக் கிளைகளும் அவ்வாறே ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தன. அக்காவின் கணவருக்கோ வாரத்தில் ஆறு நாள் வேலை; ஓய்வு ஞாயிறு மட்டும். அவர் வீட்டில் இருக்கும் நாளில் மனைவி வங்கியிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருந்தார்கள். 11 ஆண்டுகளாகப் பொது விடுமுறை வந்தால்தான் அக்குடும்பம் பகல் உணவை ஒன்றாக உண்டது. போதாக்குறைக்கு, கோலாலம்பூரிலுள்ள தலைமையகத்துக்கு வெள்ளி வேலை நாள். ஆகவே விடுமுறை நாளிலும் தொலைபேசி ஒலிக்கும். 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பியபோது, அந்த முதல் ஞாயிறு என்ன சமைத்தார் என்பதை அக்கா அரை மணி நேரம் என்னிடம் விவரித்தார்.

நான் பயிற்சியில் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. குளுவாங் கிளையில் துணை நிர்வாகிப் பொறுப்பு. “வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்மா” என்றார். அப்பதவிக்கு ஓர் ஆண் அதிகாரி சென்றார். கோப்பில் பதிவாகியிருப்பது ‘அதிகாரிக்கு விருப்பமில்லை’ என்பது மட்டுமே.

நண்பர்களே, இதில் சமத்துவமின்மை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். யாரும் தடுக்கவில்லையே! நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். நம் நாட்டு வங்கித் துறையில் பெண்கள் உயரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜொகூர் பாருவில் பிறந்த டான் ஸ்ரீ ஸெத்தி அக்தார் அஸீஸ் 2000 முதல் 2016 வரை பேங்க் நெகாராவின் ஆளுநராக இருந்தார். 2018 முதல் 2023 வரை நோர் ஷம்ஷியா அப்பொறுப்பை ஏற்றார். 23 ஆண்டுகளில் 21 ஆண்டுகள் நாட்டின் மத்திய வங்கி பெண்களின் தலைமையில் இயங்கியது பல நாடுகள் காணாத சிறப்பு. 2023 ஜூன் முதல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் வாரியத்திலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பதும் விதியாயிற்று. உச்சியில் பெண்கள் இருக்கிறார்கள். முகப்பிடத்திலோ நிறையவே இருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் 28 வயதுக்கும் 40 வயதுக்கும் உட்பட்ட ஆண்டுகளில்தான் பெண்கள் ஒவ்வொருவராக விலகி நிற்கிறார்கள். பிள்ளை பெறும் வயதும் அதுவே.

இதற்குச் சட்டம் என்ன செய்தது என்று தேடியபோது இரு வழக்குகள் கண்ணில் பட்டன. முதலாவது பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கு. மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த அவர் 1991இல் கருவுற்றார். அக்காலக் கூட்டு ஒப்பந்தப்படி அவர் தாமே விலக வேண்டும். மறுத்தார், பணிநீக்கம் செய்யப்பட்டார். 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதியில் ‘பாலினம்’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஆயினும் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. அரசியலமைப்பின் சமத்துவ உரிமை அரசின் செயல்களையே கட்டுப்படுத்தும். தனியார் இருவருக்கிடையிலான ஒப்பந்தத்தை அன்று என்பதே தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது நூர்ஃபடிலா வழக்கு. தற்காலிக ஆசிரியர் பணி வழங்கப்பட்டு, கருவுற்றிருப்பது தெரிந்ததும் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. இருவருக்கும் நேர்ந்தது ஒன்றுதான். ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார். நூர்ஃபடிலாவின் முதலாளி அரசாங்கம் என்பதே முக்கிய வேறுபாடு. நம் வங்கிகள் எந்தப் பக்கம் நிற்பவை என்பதை வாசகர்களே அறிவர்.

2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. கர்ப்பிணியைக் கர்ப்பத்தின் பொருட்டுப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்றது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் விடுப்பு முதன்முறையாகத் தனியார் துறைக்கும் வந்தது. கணக்கியல் மாணவி அல்லவா, வகுத்துப் பார்த்தேன்: 14க்கு 1. இந்த 98 நாள் ஊதியத்தை முதலாளியே கொடுக்க வேண்டும்; சொக்சோ கொடுப்பதில்லை. பாலத்துக்கு அப்பால் நிலைமை வேறு. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற முதலிரு பிள்ளைகளுக்கு 16 வார பிரசவ விடுப்பில் கடைசி 8 வாரச் சம்பளத்தை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அரசு திருப்பித் தருகிறது. 2025 ஏப்ரலிலிருந்து தந்தைக்கும் 4 வாரம். நேர்முகத் தேர்வில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எதிரே அமர வைத்துப் பார்க்கும் அதிகாரியின் மனத்தில் இந்தக் கணக்கு ஓடாது என்று நம்ப என்னால் இயலவில்லை. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தாலே போதும்.

பணியில் இருப்பவர் பாகுபாடு குறித்துத் தொழிலாளர் இலாகாவில் முறையிட அத்திருத்தம் வழிசெய்தது. வேலை தேடுபவரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. இது எனக்கு ஏட்டுச் செய்தி அன்று. பயிற்சி முடிந்தபின் ஒரு நிதி நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். “திருமணம் எப்போது? அதற்குப் பிறகும் வேலை செய்வீர்களா?” என்று கேட்டார்கள். “இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை, ஐயா” என்றேன். அதே நாளில் சென்ற என் வகுப்பு நண்பனிடம் கேட்டது, சொந்த வாகனம் உண்டா என்று. அக்காவிடம் தொலைபேசியில் புலம்பினேன். சிரித்தார். “நானும் 2013இல அதையேதான் கேட்டாங்கம்மா. கல்யாணம் ஆயிடுச்சு, பிள்ளை பத்தி இப்ப யோசனை இல்லன்னு சொன்னேன். அப்ப எனக்கு ரெண்டு மாசம்.” அந்தப் பிள்ளைதான் இன்று தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகன்.

பாலியல் தொல்லை பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். எனினும் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். அது நிதித் துறையிலேயே எழுந்தது. தாபோங் ஹாஜியில் ஒரு பெண் அதிகாரி தம் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சு குறித்துப் புகார் செய்தார். மேலதிகாரியோ அவர்மீதே வழக்குத் தொடுத்தார்! பெண் அதிகாரி எதிர்வழக்குத் தொடுக்க, 2016இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று அவரே வென்றார். பாலியல் தொல்லைக்காக நட்டஈடு கேட்டு நேரடியாக வழக்காடும் உரிமை நம் நாட்டில் அத்தீர்ப்பால்தான் கிடைத்தது. இன்று ஒவ்வொரு பணியிடத்திலும் இது குறித்த அறிவிப்பு கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். நான் இருந்த கிளையில் அது உணவறையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. பெட்டியை நகர்த்தியது நானும் துப்புரவுப் பணியாளர் அம்மாவும்.

அதே 2023 திருத்தத்தில் பலர் அறியாத பிரிவு ஒன்று உண்டு. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்படுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கோப்பில் இம்முறை காரணத்தை எழுத வேண்டியவர் முதலாளி.

மதிய உணவு வேளையில் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. சட்டப் பிரிவைக் கைப்பேசியில் காட்டினேன். 2025 ஜனவரி முதல் வாரத்தில், வாரத்தில் மூன்று நாள் சாவிப் பொறுப்பை இன்னோர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு 5 மணிக்குப் புறப்பட அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தார். மலாய்மொழிக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். பிப்ரவரி நடுவில் பயிற்சி முடித்து வெளியேறியபோது பதில் வரவில்லை. ஏறக்குறைய 40 நாள்கள் ஆகியிருந்தன. அம்மாத இறுதியில் அக்கா குறுஞ்செய்தி அனுப்பினார். மூன்று நாள் இல்லை, இரண்டு நாள். அதுவும் ஆறு மாதத்திற்கு மட்டும், பிறகு மறுபரிசீலனையாம். செவ்வாயும் வியாழனும் இப்போது சாவி ஓர் ஆண் அதிகாரியிடம் இருக்கிறது.