முயலின் காதில் இலக்கம் பொறிக்கும் குறடு

நெற்செய்கையோடும் மரக்கறிச் செய்கையோடும் வீட்டுப்புறத்தே சில முயல்களையும் வளர்க்கும் கமக்காரர், முயலின் காதில் இலக்கம் பொறித்தலை வீண் செலவென எண்ணுவதுண்டு. வெள்ளை முயல்கள் பத்து ஒரே கூட்டு வரிசையில் நிற்குமிடத்து எது தாய், எது மகள் எனக் கண்ணால் அறிதல் அரிது. பெண் முயல் சினையுற்று ஏறத்தாழ 31 நாட்களிற் குட்டி ஈனும். ஆகவே ஓராண்டு முடியுமுன்னரே தந்தையை மகளோடு சேர்த்துவிடும் தவறு நேரலாம். இது தொடருமாயின் ஈற்றிற் குட்டிகளின் தொகை குறையும், பிறப்பனவும் வலுக்குன்றியிருக்கும். உரோமத்திற் பூசிய சாயம் உரோமம் உதிர அழிந்துவிடும். காதிற் கோத்த தகடு கூட்டுக் கம்பியிற் சிக்கிக் காதைக் கிழிக்கும். பச்சை குத்திய இலக்கமோ முயலின் ஆயுள்வரை நிற்கும். குத்துங் கருவி செம்மையாயிருந்தால் மட்டுமே.

இதற்கென விற்கப்படுங் கருவிகள் இருவகையின. ஒன்று, ஊசிகளால் அமைந்த இலக்க அச்சுக்களைப் பொருத்தி ஒரே அழுத்தில் குத்துங் குறடு. மற்றையது மின்கலத்தால் இயங்கும் பேனா. பேனாவாற் கறுப்பு மையைத் தெளிவாக எழுதலாமெனினும், கை பழக வேண்டும். முயலையும் நெடுநேரம் அசையாது பிடித்திருத்தல் வேண்டும். சில முயல்களே வைத்திருப்போருக்குக் குறடே ஏற்றது.

குறட்டை வாங்குமுன் அதன் மூட்டை முதலிற் பார்த்தல் வேண்டும். கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைக்கும்போது மூட்டு ஆடுமாயின் அதனை விட்டுவிடுக. ஆடுங் குறட்டில் ஊசிகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் பதியும். 8 நாளடைவில் 3 போலத் தோன்றும். பதிவேட்டைக் கெடுக்கும் பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றது. மூட்டாணி, கழற்றி இறுக்கக்கூடிய திருகாணியாயிருத்தல் நன்று. மெல்லிய வார்ப்பு அலுமினியக் குறடு விலை குறைந்ததாயினும், அச்சைப் பிடிக்கும் வாய்ப்பகுதி வெடிக்கக்கூடும். உருக்குக் குறடு பாரமானது. ஆனால் நெடுங்காலம் உழைக்கும். அச்சின் ஊசிகள் கறள் பிடியா உருக்காலானவையாயும், விரலால் தள்ள அசையாதனவாயும் இருத்தல் வேண்டும். முயலுக்கு 8 மில்லிமீற்றர் அளவு இலக்கம் போதும். மாட்டுக்குரிய பெரிய அச்சு காதிற் கொள்ளாது.

பூச்சியம் முதல் 9 வரை ஒரு தொகுதி அச்சு மட்டும் உள்ளவர் 11, 22 போன்ற எண்களைப் பொறிக்க இயலாது. அவ்வெண்களைத் தவிர்த்து இலக்கமிட்டால் இரண்டாவது தொகுதிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

குத்துமுன் தடித்த காகித மட்டையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் கட்டாயம். அச்சின் ஒழுங்கு மாறி 25 என்பது 52 ஆகிவிடுவதுண்டு. காதிற் பதிந்தபின் அதனை அழிக்க வழியில்லை. பால் மறக்கும் பருவத்தில், காதின் உட்புறத்தை மதுசாரத்தாற் துடைத்து, இரத்தக் குழாய்களுக்கு இடைப்பட்ட இடத்திற் குத்துதல் வேண்டும். உடனே விலங்குகளுக்கென விற்கும் பச்சைகுத்து மையைத் துளைகளுள் நன்கு தேய்த்தல் வேண்டும். எழுதும் மை நிலையாது.

ஊசியில் ஒட்டும் இரத்தம் ஒரு முயலின் நோயை மறு முயலுக்குக் கொண்டு செல்லும். ஒவ்வொரு முயலுக்கும் பின் அச்சைக் கழுவித் தொற்று நீக்குக. அயலாரிடம் இரவல் வாங்கிய குறட்டை முதலிற் கொதிநீரில் 20 நிமிடம் இடுதல் வேண்டும். வெளிற்றுந் தூள் கரைத்த நீரில் ஊறவிடுவது தவறு. அது உலோகத்தை அரித்து ஊசிமுனையை மழுங்கச் செய்யும். வேலை முடிந்ததும் அச்சைக் கழற்றி, வெயிலிற் காயவைத்து, மூட்டில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இட்டு, உரமும் உப்பும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும்.