கைமுதல் கரையலாமா? - கொடைக்கானலில் வீடும் பழமையும்



கடை திறந்ததும் நாம் பார்ப்பது கல்லாவை. வருடக் கடைசியில் பார்க்க வேண்டியது கைமுதலை. கைமுதல் கரையக் கரையக் கல்லா நிரம்புவதும் உண்டு. அது லாபம் அல்ல என்பது பேரேடு எழுதிய எவருக்கும் தெரியும். கொடைக்கானல் ஊரையே ஒரு கடையாக வைத்து அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

நமது கைமுதல் எது?

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி, சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராகப் பணியாற்றிய லெவிஞ்ச் துரை 1863-ல் ஏரியை உண்டாக்கினார். கோக்கர் நடைபாதை 1872-ல் வந்தது. சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் இங்கு அமைந்தது. மோட்டார் ஏறாத அந்நாளில் பெரியகுளத்துப் பக்கமிருந்து கூலியாட்கள் தலைச்சுமையாகச் சரக்கு கொண்டு வந்தார்கள். நமது மலை வியாபாரத்தின் முதல் அத்தியாயம் அவர்கள் சுமந்த மூட்டைதான்.

கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட பங்களாக்கள், ஏரி, சோலைக்காடு ஆகியவற்றைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதால்தான் நம் பூண்டும் பேரிக்காயும் மளிகையும் விற்கின்றன. ஆகவே பழமையே நமது கைமுதல். சீசன் வருமானம் அதன் வட்டி.

நெருக்கடி எங்கே?

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் ஜனத்தொகை 36,501. ஊரைச் சுற்றிப் பள்ளத்தாக்கும் காடும். 2013-ல் சுற்றுக் காடுகள் வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. எனவே நிலம் நீளாது. விடுதி கட்டுபவருக்கும் அதே நிலம் வேண்டும், கடைச் சிப்பந்திக்கும் அதே நிலம் வேண்டும். இந்தப் போட்டியில் தோற்பவர் சிப்பந்தியே.

இதில் எங்கள் தவறையும் மறைக்காமல் சொல்கிறோம். பஜாரில் எங்கள் கடைக்கு மேலே மூன்று அறைகள் இருந்தன. கணக்கப்பிள்ளையும் சுமை இறக்குபவர் இருவரும் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். ஒரு சீசனில் ஆசைப்பட்டு அவர்களைக் காலி செய்யச் சொல்லி, அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டோம். கையில் பணம் புரண்டது உண்மை. ஆனால் விடியற்காலை லாரி வந்து நின்றால் இறக்க ஆள் இல்லை. முதல் பஸ் வரும்வரை காத்திருந்தோம். இருபது வருடம் கணக்கு எழுதியவர் அடுத்த ஆண்டே கீழே வத்தலக்குண்டில் வேறு கடையில் சேர்ந்துவிட்டார். எந்தக் கடைக்காரரிடம் எவ்வளவு பாக்கி, யாரிடம் எப்போது கேட்கலாம் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அந்த வருடம் வராமல் நின்ற பாக்கியைக் கூட்டினால், அறை வாடகை அதற்கு ஈடாகவில்லை. பிறகு அறைகளைச் சிப்பந்திகளுக்கே திருப்பிக் கொடுத்தோம். கணக்கப்பிள்ளை திரும்பவில்லை.

உயரக் கட்டினால் தீருமா?

இங்கே ஒரு வழக்கை நினைவுகூர வேண்டும். இரண்டு தளமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் பிளசன்ட் ஸ்டே என்ற ஹோட்டல் ஏழு தளம் எழுப்பியது. 1994-ல் அரசு அதற்கு விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் சென்றது. 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. அரசாணை கையில் இருந்தும் விலக்கு நிற்கவில்லை என்பதே வியாபாரிகளாகிய நமக்குப் பாடம். சமீப ஆண்டுகளிலும் விதி மீறிய விடுதிகள் நீதிமன்ற உத்தரவால் பூட்டப்பட்டன. அங்கே சரக்குக் கொடுத்தவரின் பாக்கியும் கூடவே பூட்டிக்கொண்டது.

கூட்டம் மிகுந்ததால் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்தக் கோடைக்காலத்துக்கு வாரநாளில் 4,000, வாரக்கடைசியில் 6,000 வாகனங்கள் என்று உயர்நீதிமன்றம் வரம்பும் கட்டியது. நமக்கு இது கஷ்டமே. ஆனால் மலை தாங்கும் எடையை நாமே அளந்திருந்தால், பிறர் தராசு தூக்க வேண்டியிருக்காது.

வேறு ஊர் பாடம்

புதுச்சேரியில் வைசியாள் வீதி என்ற தெரு இருக்கிறது. பெயரே சொல்லும், வணிகர் வீடுகள் நிறைந்த தெரு. திண்ணையும் தாழ்வாரமும் சிதைந்து கிடந்த வீட்டு முகப்புகளை அங்கே பழைய முறையிலேயே சீர்செய்தார்கள். வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு கொண்டார்கள். உள்ளே ஜனங்கள் வழக்கம்போல் குடியிருந்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. குடியிருப்பும் பழமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

நாம் செய்யத்தக்கவை

1. கடைக்கு மேல் உள்ள அறைகளில் ஒரு பங்கையாவது சிப்பந்தி குடும்பங்களுக்கு ஒதுக்குவோம். புது நிலம் தேவையில்லாமல் வீடு கிடைக்கும் வழி இது.

2. பழைய பங்களா கைக்கு வந்தால் இடிக்க வேண்டாம். வெளிச்சுவரும் கூரையும் அப்படியே இருக்க, அனுமதி பெற்று உள்ளே பிரித்தால் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கலாம்.

3. புதிய வீடுகளை மூஞ்சிக்கல், நாயுடுபுரம் போல் ஏற்கனவே வீடுகள் உள்ள பகுதியில், விதித்த உயரத்துக்குள் நெருக்கமாகக் கட்டச் சொல்வோம். சரிவிலும் சோலையிலும் சிதறக் கட்டினால் மண் சரியும், ஊற்று வற்றும், சாலைச் செலவும் கூடும்.

4. பெரிய கட்டடத்துக்குக் கடன் சரக்கு கொடுக்குமுன் அனுமதிப் பத்திரத்தைப் பார்ப்போம். தளத்தை எண்ணிப் பார்க்கக் கூச்சம் வேண்டாம்.

5. நகராட்சி முழுமைத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது, வீடு தேவைப்படும் சிப்பந்திகளையும் அழைத்துக்கொண்டு சங்கமாகச் செல்வோம்.

விதை நெல்லை விற்றுப் பண்டிகை கொண்டாடியவன் கதை நமக்குப் புதிதல்ல. நமக்கு முன்னோர் விட்டுச் சென்ற மலை இது. நம் பேரனும் இங்கே கடை திறக்க வேண்டும், அவன் கணக்கப்பிள்ளைக்கும் பக்கத்திலேயே ஒரு வீடு இருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் ஐந்தொகை சரியாக முடிந்தது என்று பொருள்.