வெண்பனி வாரும் சிறு பொறி

வெண்பனி பஞ்சுபோல் இலேசானது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அதை வாரும் பொறியை ஓட்டுவோர்க்கு அவ்வெண்ணம் ஆபத்தானது. ஏன் எனக் காண்போம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராத்சே என்னும் சிற்றூரில் பட்டறை நடத்திய கெல்லர் உடன்பிறந்தார் இருவர், வான்கோழிக் கொட்டகையைத் துப்புரவு செய்ய 1957-இல் மூன்று சக்கரச் சிறு லோடர் ஒன்றைச் செய்தனர். 1960-இல் அது நான்கு சக்கரம் பெற்றது. இடப்புறச் சக்கரங்களும் வலப்புறச் சக்கரங்களும் தனித்தனியே இயங்குவதால் நின்ற இடத்திலேயே சுழலும். ஆதலின் பெருவண்டி நுழையாத முற்றங்களில் பனி வார அது ஏற்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம். பனிக்கெனப் பூட்டும் பெரிய பக்கெட்டின் கொள்ளளவு 1 கன மீட்டர் எனக் கொள்க. புதுப்பனி அதில் ஏறத்தாழ 100 கிலோ நிற்கும். காற்றால் இறுகியது 400 கிலோ. நீர் ஊறிய பழம்பனி 700 கிலோவும் ஆகலாம். 1000 கிலோவில் முன்புறம் கவிழும் சக்கரப் பொறிக்கு, அதிற்பாதியாகிய 500 கிலோவே வரம்பு. முதலிரண்டும் அடங்கும்; மூன்றாவது அடங்காது. பக்கெட் ஒன்றே, பளுவோ ஏழு மடங்கு!

எனவே பக்கெட்டைத் தாழ்த்தியே செல்லுதல் வேண்டும். சரிவில் பளுவான முனை மேட்டுப்பக்கம் இருக்கவேண்டும்: நிறைபக்கெட்டுடன் முன்னோக்கி ஏறுக, பின்னோக்கி இறங்குக. வெறும் பக்கெட்டாயின் பளு பின்புறத்தது, முறையை மாற்றுக. தூக்கிய பக்கெட்டின் கீழ் எவரும் நிற்றலாகாது.

நண்பர்களே! தேர்வுத்தாளில் அடர்த்தியைத் தவறவிட்டால் மதிப்பெண் போகும். இங்கே உயிரே போகும்.